வாடுவதற்கென்றே செய்யப்படும் கிளி

ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணம் ஒரு புலியில் தொடங்குகிறது. வில்லி, கண்டன் என்று இரண்டு வேடர்கள் காட்டுக்குள் வேட்டைக்குப் போகிறார்கள். கண்டனைப் புலி கொன்றுவிடுகிறது. அவனைத் தேடி அலைந்து, களைத்து உறங்கிய வில்லியின் கனவில் பெருமாள் தோன்றி நடந்ததைச் சொல்லி, அந்தக் காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் எடுக்கச் சொல்கிறார். வில்லி எடுத்த புது ஊர் வில்லிபுத்தூர் ஆயிற்று. புராணத்தை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஊர் தன் பிறப்பைப் பற்றி எந்தக் கதையைச் சொல்லிக்கொள்கிறது என்பது வரலாற்றுக்குரிய செய்திதான். போரில் வென்ற மன்னன் கதையைச் சொல்லாமல், காட்டின் ஓரத்தில் இழப்போடு குடியேறியவர்களின் கதையைச் சொல்கிறது இந்த ஊர். 2021 பிப்ரவரியில் மேற்கே உள்ள மலைச்சரிவுகள் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, ஊரும் புலியும் மறுபடியும் ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்தன. சுமார் 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காப்பகம் நாட்டின் 51-ஆவது. இந்த இரண்டு புலிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், இந்த ஊரும் பக்கத்து ராஜபாளையமும் தங்கள் கலையையும் தங்கள் மலையையும் எப்படி ரசித்துவந்தன என்பதே இங்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி.

இந்தக் கேள்விக்கு இன்று பழகிப்போன விடை ஒன்று உண்டு. கலை என்றால் சபாவில் நடக்கும் நிகழ்ச்சி. இயற்கை என்றால் விடுமுறைக்குப் போகும் மலை அல்லது அருவி. இரண்டும் வேறு வேறு. இரண்டுக்கும் பயணம் வேண்டும், செலவு வேண்டும். சென்னை டிசம்பர் சீசனுக்கும் கொடைக்கானலுக்கும் போக முடியாதவர்கள் உள்ளூர்த் தேரையும் ஊரணிக் கரையையும் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள் என்ற எண்ணமும் அந்த விடைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களின் கடந்த காலம் அந்த எண்ணத்துக்கு நேர் எதிரான சான்றுகளைத் தருகிறது. கலையைப் பார்ப்பதும் இயற்கையைப் பார்ப்பதும் இங்கே ஒரே பழக்கமாக இருந்தன. சொந்த ஊரில் கிடைக்கும் ரசனைதான் மூலமாக இருந்தது. வெளியூர்ப் பயணம் பிறகு வந்த சேர்க்கை. இரண்டும் பிரிந்துபோனது அண்மையில்தான். அந்தப் பிரிவால் கலைக்கும் நட்டம், காட்டுக்கும் நட்டம்.

முதல் சான்று உள்ளங்கை அளவுள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளின் கையில் தினமும் ஒரு கிளி இருக்கும். அது பொன்னாலோ மரத்தாலோ ஆனதன்று. மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு, நந்தியாவட்டை இலையும் பனையோலையும் சேர்ந்து இறக்கை, அரளி மொட்டில் வால், காக்காய்ப்பொன்னில் கண், எல்லாவற்றையும் இழுத்துக் கட்ட வாழைநார். பழகிய கைக்கும் இதைக் கட்டி முடிக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கிறது. மாலையில் சாத்துகிறார்கள்; மறுநாள் அது யாரோ ஒரு பக்தரின் வீட்டுக்குப் போய்விடுகிறது; புதிய கிளிக்கு மறுபடியும் இலை பறிக்க வேண்டும். இந்த ஊரின் கலை என்றதும் பதினொரு நிலை ராஜகோபுரத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஏறத்தாழ 192 அடி உயரம். தமிழக அரசின் சின்னத்தில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்ற பெருமை ஒரு பக்கம், இல்லை அது மதுரைக் கோபுரம் என்ற வாதம் மறுபக்கம். கோபுரத்தைக் கட்டியாயிற்று, இனி அதைப் பாதுகாத்தால் போதும். கிளியைப் பாதுகாக்க முடியாது. செய்துகொண்டேதான் இருக்க வேண்டும். அதற்குச் செய்யத் தெரிந்த கை வேண்டும், கூடவே பறிக்கக் கிடைக்கும் செடியும் வேண்டும். மாதுளையும் நந்தியாவட்டையும் கொல்லைப்புறத்தில் இல்லாத ஊரில் இந்தக் கலை ஒரு வாரம்கூடத் தாங்காது. கலையின் ஆயுள் தாவரத்தின் ஆயுளோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

கிளிக்குச் சொன்னது ஆண்டு முழுவதுக்கும் பொருந்தும். மார்கழியில் பகல்பத்துத் தொடங்கும்போது, ஆண்டாளும் அவள் மணாளன் ரங்கமன்னாரும், அவளை வளர்த்த பெரியாழ்வாரின் வம்சத்தாருடைய திருமாளிகைக்கு எழுந்தருள்கிறார்கள். பிறந்த வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு அங்கே செய்யும் வரவேற்புக்குப் பச்சை பரப்புதல் என்று பெயர்: பருவத்தின் காய்கறிகளைக் குவியல் குவியலாகப் பரப்பி வைக்கிறார்கள். அந்த ஆண்டு மழை எப்படி, தோட்டம் எப்படி என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். பிறகு எண்ணெய்க்காப்பு உற்சவம். மூலிகைகள் சேர்த்துப் பல நாட்கள் காய்ச்சிய தைலம், திருமுக்குளக் கரை மண்டபத்தில் நீராட்டு. குளத்தில் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்பதை ஊர் முழுவதும் ஆண்டுதோறும் நேரில் பார்த்துவிடுகிறது. ஆடிப்பூர விழாவின் ஐந்தாம் நாள் இன்னும் வெளிப்படையானது. அன்று ஐந்து கருட சேவை. ஊர்ப் பெரிய பெருமாளும் ரங்கமன்னாரும் மட்டுமல்லாமல், திருத்தங்கல் அப்பனும், திருவண்ணாமலை என்று இங்கே அழைக்கப்படும் குன்றின் சீனிவாசப் பெருமாளும், செண்பகத்தோப்புக் காட்டுக்குள் இருக்கும் காட்டழகரும் கருட வாகனத்தில் வீதிக்கு வருகிறார்கள். பக்கத்து ஊர், குன்று, காடு எல்லாம் ஒரே இரவில் ஒரே தெருவில் கூடுகின்றன. ஒன்பதாம் நாள் தேர். இதற்கெல்லாம் எதிர்த்திசையில், மக்கள் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் குன்றேறுகிறார்கள், செண்பகத்தோப்புக்கு நடக்கிறார்கள். சாமி ஊருக்குள் வருவதும் ஊர் காட்டுக்குள் போவதுமாகப் பஞ்சாங்கம் ஒரு போக்குவரத்தை நடத்திவந்தது. தன் சுற்றுப்புறத்தை ஒரு தலைமுறை எந்தப் பாடமும் இல்லாமல் அடுத்த தலைமுறைக்குக் காட்டிக்கொடுத்த வழி அது.

இதற்கு முதலில் எழும் மறுப்பு நியாயமானது. இவையெல்லாம் வழிபாடு, இவற்றைக் கலைரசனை என்றும் இயற்கைரசனை என்றும் சொல்வது இன்றைய நம் ஆசைகளைப் பழைய மக்களின் தலையில் ஏற்றுவதாகாதா? பேச்சு வழக்கையே சாட்சிக்கு அழைக்கலாம். சாமியைச் சேவிக்கப் போவது ஒன்று, தேர் பார்க்கப் போவது இன்னொன்று என்று இங்குள்ளவர்களின் வாய்ச்சொல்லே பிரித்துவைத்திருக்கிறது. தேர் பார்ப்பதில் வளையல் கடையும் ராட்டினமும் நாதஸ்வரமும் அடக்கம். அதைவிட வலுவான சாட்சி ஆண்டாளின் பாட்டு. திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஒன்று, மேகம் கடலுக்குள் புகுந்து நீரை முகந்து, கறுத்து, மின்னி, இடித்துப் பொழிவதை வரிசை தப்பாமல் சொல்கிறது. இன்னொன்று வெள்ளி எழுந்து வியாழன் மறைந்த வைகறையைச் சொல்கிறது. அந்தக் குறிப்பை வைத்து ஆண்டாளின் காலத்தைக் கணிக்கும் அளவுக்கு ஆராய்ச்சியாளர்கள் அதை நம்பினார்கள். 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியில் குயிலோடு வழக்காடுகிறாள். மேகத்தைத் தூது விடுகிறாள். மழைக்குப் பின் திருமாலிருஞ்சோலையில் செக்கச்செவேல் என்று ஊர்ந்து பரவும் பட்டுப்பூச்சிகளைக்கூட விடவில்லை. புதுமழை பெய்த மண்ணைக் குனிந்து பார்த்தவருக்குத்தான் அந்தப் பூச்சி கண்ணில் படும். பக்தி இந்தக் கூர்மையை மறைக்கவில்லை. அதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. அரையர் சேவையில், கூம்புக் குல்லாய் அணிந்து தாளம் தட்டிப் பாசுரங்களை இசையோடு அபிநயிப்பவர் முன்னால் உட்காரும்போது, ஊரார் சமயம், இசை, நாடகம், மழை என்று தனித்தனி டிக்கெட் வாங்குவதில்லை. அந்தக் கலை இன்று ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று தமிழ்நாட்டு ஊர்களில்தான் உயிரோடு இருக்கிறது. பெரிய நகரங்களின் அரங்கம் எதுவும் அதைக் காப்பாற்றவில்லை; அந்தந்த ஊரின் பஞ்சாங்கம்தான் காப்பாற்றியது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. அதற்குச் சமாதானம் சொல்லி நழுவக் கூடாது. ஊர் என்று சொன்னால் யாருடைய ஊர்? தேரோடும் வீதியில் எல்லோரும் நிற்க முடிந்ததா? இல்லை. பக்கத்துச் சிவகாசியில் நாடார்கள் கோயில் நுழைவு உரிமை கேட்டதைத் தொடர்ந்து எழுந்த பகை 1899-இல் பெருங்கலவரமாக வெடித்து உயிர்களைக் குடித்தது. ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் தேதி. சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். ஆகவே மேலே சொன்ன அழகான சுழற்சியில் பெரும்பகுதி மக்கள் பல நூற்றாண்டுகள் ஓரத்திலோ வெளியிலோதான் நின்றிருக்கிறார்கள். செண்பகத்தோப்பின் பளியர்கள் அந்தக் காட்டின் தேனையும் கிழங்கையும் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்கள். ஊரின் கதையில் அவர்களுக்கு இருந்த இடம் சிறியது. பழைய ஏற்பாட்டை அப்படியே மீட்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்த வாதம் இங்கேயே விழுந்துவிடும். ஆனால் இந்த மறுப்பு உடைப்பது வாசல் காவலை மட்டும்தான். வாசலுக்குள் இருந்த பொருளை அது உடைப்பதில்லை. உரிமைக்காகப் போராடியவர்கள் தேரும் குளமும் வீதியும் பயனற்றவை என்று சொல்லவில்லை. அவை எங்களுக்கும் உரியவை என்றார்கள். உள்ளூர்க் கலைக்கும் உள்ளூர் நீருக்கும் அதைவிடப் பெரிய மதிப்பீடு கிடையாது. பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழியில் ஆயிரக்கணக்கானோர் இறங்கும் பங்குனி நாளைப் பார்த்தால், ஊரின் விழா பெருமாள் கோயிலோடு முடிந்துவிடவில்லை என்பதும் விளங்கும்.

வாசலை அகலமாக்கும் வேலை கோயிலுக்கு வெளியிலும் நடந்தது. 1875-இல், திருநெல்வேலிச் சீமையின் ஆட்சியர் பென்னிங்டன் பெயரில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பொது நூலகம் தொடங்கியது. தமிழகத்தின் மிகப் பழைய பொது நூலகங்களில் அது ஒன்று. பாசுரம் காதில் விழுந்து வளர்ந்த ஊரில் அச்சுப் புத்தகமும் பொதுச்சொத்தாயிற்று. ராஜபாளையத்தின் பாதை வேறு. விஜயநகர காலத்தில் ஆந்திரத்திலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் பழையபாளையம், புதுப்பாளையம் என்று வளர்த்த விவசாய ஊர் அது. ஆண்டாள் கோயிலைப் போல் ஊரையே இழுத்துப் பிடிக்கும் ஒற்றை மையம் அங்கில்லை. பெத்தவநல்லூர் மாயூரநாதர் கோயில், மாரியம்மன் கோயில்கள், சஞ்சீவி மலை, மாந்தோப்புகள், ஜவகர் மைதானம் என்று பல மையங்கள். அந்த ஊர்க்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராகவும், பிறகு ஒரிசாவின் ஆளுநராகவும் இருந்தவர். அவர் ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். ஓர் அரசியல் தலைவரின் நினைவாக அவர் வீட்டை அரசு எடுத்துக்கொள்வதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். தலைவரே தம் கூடத்தை ஊரின் பாட்டுக்கும் பேச்சுக்கும் எழுதிவைப்பது வேறு காரியம். பிறப்பு கேட்காத வாசல் ஒன்று கலைக்கு வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

அப்படியானால் கலைக்கும் இயற்கைக்கும் இடையிலான பிரிவு எங்கே வந்தது? கலை மன்றம் போன்ற மண்டபத்தில் வந்தது என்று குறை சொல்ல மாட்டேன். மண்டபத்துக்கு ஒரு குறை உண்டு, அவ்வளவுதான்: உள்ளே உட்கார்ந்தவருக்கு வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. பெரிய மாற்றம் வேலையிலும் நீரிலும் வந்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து நூற்பாலைகளும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெசவும் பெருகின. மாதச் சம்பளம் பல குடும்பங்களை மழையின் பிடியிலிருந்து விடுவித்தது. அது சிறிய நன்மையல்ல. ஆனால் ஷிப்டுக்குப் பூரமும் தெரியாது, பௌர்ணமியும் தெரியாது. நீரின் கதை இதைவிடக் கூர்மையானது. ராஜபாளையத்துக்கு மேற்கே, ஆறு மலையிலிருந்து இறங்கும் இடத்தில் உள்ள கோயிலின் பெயர் நீர்காத்த அய்யனார் கோயில். அந்தப் பெயருக்கு விளக்கவுரை தேவையில்லை. ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் அதே மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. அய்யனார் காத்ததும் நகராட்சி காப்பதும் ஒரே தண்ணீர். இருந்தும், குழாயைத் திறப்பவருக்கு இன்று அந்த இரண்டையும் இணைத்துப் பார்க்க வாய்ப்பில்லை. அய்யனார் கோயில் ஞாயிற்றுக்கிழமைக் குளியலுக்குப் போகும் இடமாகவும், குடிநீர் நகராட்சியின் பொறுப்பாகவும் தனித்தனியே நின்றுவிட்டன. அழகு ஒரு பக்கம், பயன் ஒரு பக்கம் என்று கணக்கு பிரிந்தது இப்படித்தான்.

மூன்றாவது மறுப்பு காட்டின் பக்கமிருந்து வருகிறது. மக்கள் காட்டை ரசித்தது போதாதா? இனி அவர்கள் வெளியே நிற்பதே காட்டுக்கு நல்லது என்பார்கள். 1988-இல் சுமார் 485 சதுர கிலோமீட்டரில் சாம்பல் நிற மலை அணில்களுக்கென்று இங்கே சரணாலயம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. தென்னிந்தியாவின் சில காடுகளையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத அணில் அது. பெரும்பாலும் தரைக்கு இறங்காமல் கிளைக்குக் கிளை தாவி வாழ்வதால், மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று கோத்து நிற்க வேண்டும். இடையில் நாலு மரம் போனால் அதற்குப் பாதை அறுந்துபோகும். இதே மலைத்தொடரில் உள்ள சதுரகிரிக்கு ஆடி அமாவாசையில் ஏறும் கூட்டமும் அது விட்டுச்செல்லும் பிளாஸ்டிக்கும் வனத்துறைக்குப் பெரும் தலைவலி. 2015 மே மாதம் மலை ஓடையில் திடீரென்று வந்த வெள்ளம் பக்தர்களின் உயிரையும் கொண்டுபோனது. கட்டுப்பாடு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தக் கூட்டம் காட்டைக் கெடுக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தொலைவிலிருந்து ஒரே நாளில் வந்து குவிந்து, மறுபடி வராமல் போய்விடுகிற கூட்டத்துக்கு ஓடையின் போன வருட நிலை தெரியாது. ஆண்டுக்குப் பத்து முறை அதே ஓடைக்கு வரும் உள்ளூர்க்காரருக்குத் தெரியும். அதோடு, அணில் வேலியை மதிப்பதில்லை. செண்பகத்தோப்பு அடிவாரத்துத் தனியார் மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் அது வந்துபோகிறது. அங்கே அதைக் காப்பது வனச்சட்டம் மட்டுமல்ல. தோப்புக்காரர் அதைப் பார்த்துக் கல்லெறிகிறாரா, நின்று பார்க்கிறாரா என்பதும்தான். நின்று பார்க்கும் பழக்கம் உத்தரவால் வராது. எல்லைக்கு வெளியே இருக்கும் காட்டுக்கு உள்ளூர் ரசனைதான் காவல்.

இவ்வளவும் பழமைக்கு ஏங்குவது என்று தோன்றினால், கடைசியாக இதை எண்ணிப் பார்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பண்டத்தின் பெயரை அதன் ஊரோடு சட்டம் கட்டிவைத்தது என்பதே அதன் பொருள். சட்டத்தால் பெயரைக் காக்க முடியும். மாடு மேயும் நிலத்தையும் அதற்கான தண்ணீரையும் அந்தப் பட்டயம் காக்காது. கோபுரத்துக்கு அறநிலையத்துறை, காட்டுக்கு வனத்துறை, பண்டத்துக்குக் குறியீடு, நிகழ்ச்சிக்கு அரங்கம் என்று இன்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் இருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே பார்வையில் பார்ப்பவர்தான் குறைந்துவருகிறார். பழைய ஊர் அந்தப் பார்வையை வைத்திருந்தது, ஆனால் வாசலை அடைத்திருந்தது. புதிய ஊர் வாசலைத் திறந்துவிட்டுப் பார்வையைத் தொலைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பெறுவது இந்தத் தலைமுறையால் முடியும்: காந்தி கலை மன்றத்தில் பாட்டுக் கேட்டவர் நீர்காத்த அய்யனாரிடம் போகும்போது தாம் குடிக்கும் தண்ணீரை அங்கே அடையாளம் காணலாம், ஐந்து கருட சேவைக்கு நிற்பவர் காட்டழகர் எந்தக் காட்டிலிருந்து வந்தார், அந்தக் காடு இன்று எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். கேட்டுக்கொண்டிருக்கும்வரை கிளி கட்டுபவருக்கு இலை கிடைக்கும். இன்று மாலை ஆண்டாள் கையில் இருக்கும் கிளி நாளைக்குள் வாடிவிடும். நாளைய கிளிக்கான நந்தியாவட்டை இந்நேரம் எங்கோ ஒரு கொல்லையில் நின்றாக வேண்டும்.